பள்ளி ரக்பி அணியின் வெளிநாட்டுப் பயணம்: டூர் ஏற்பாட்டு நிறுவனம் எப்படி?

பிள்ளைகள் ஆடத்தான் போகிறார்கள், ஊர் சுற்ற அல்ல என்பது இந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எதிரணிகளை வயதும் திறமையும் பார்த்துத்தான் பொருத்தினார்கள். 19 வயதுக்கு உட்பட்டோருக்கான விதிகளை, அதாவது ஒரு பாதிக்கு 35 நிமிடம்தான், ஸ்க்ரமில் (இரு அணி முன்வரிசையினரும் தோள் கோத்து, பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளுவது) ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்பதையெல்லாம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரு பயிற்சியாளர்களோடும் நடுவரோடும் பேசி உறுதி செய்தார்கள். பெற்றோருக்கு இதைவிட நிம்மதி வேறு என்ன வேண்டும்! ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாளும் விட்டிருந்தார்கள்.

குறை இன்சூரன்ஸில்தான். முதலில் போட்டிருந்தது சாதாரணப் பயணக் காப்பீடு, அதில் ரக்பிக் காயங்கள் சேராது. நாங்கள் கேட்ட பிறகே மாற்றினார்கள், கேட்காத பள்ளி என்ன செய்யும்? தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்று மறுபடி இறக்கவே கூடாது, அப்புறம் டாக்டர், ஸ்கேன் என்று போகலாம். அந்தச் செலவு யாருடையது என்பது முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

எதிரணி வீரர்களின் வீடுகளில் தங்க வைத்தது அருமை. மைதானத்தில் மோதியவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஹோட்டல் வேண்டாம், இதையே கேட்டு வாங்குங்கள்.