காலையில் கத்தும் பிரேக்: 6 வருட அனுபவம்

வண்டி என்னிடம் வந்து 6 வருடம் ஆகிறது. ஓடியது 80,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மேனுவல் கியர், சாதாரண ஹேட்ச்பேக். இன்ஜின், கிளட்ச், ஏசி பற்றியெல்லாம் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் வண்டியை எடுத்ததும் பிரேக்கிலிருந்து வருகிற சத்தத்தைப் பற்றி மட்டும் நிறைய இருக்கிறது. எல்லாம் ஒரே சத்தம்தான் என்று நினைத்து ஒருமுறை நன்றாக ஏமாந்தேன்.

முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பனி இறங்கிய மறுநாள் காலை, முதல் பிரேக்கில் மணல் தாளால் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு. நாலாவது பிரேக்கில் சுத்தமாகக் காணாமல் போகும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வெறும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக் மிதித்ததும் அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். பேட் உரசுகிற முகத்தில் சாதாரண வண்டியில் பெயிண்டோ பூச்சோ நிற்காது. ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் மெல்லிய துரு படிந்துவிடும். காலையில் பேட் அதைச் சுரண்டி எடுக்கும்போது வருகிற சத்தம்தான் அது. சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் காவி நிறத்தில் தெரியும், தெருவைத் தாண்டுவதற்குள் வெள்ளியாகிவிடும்.

சொன்னார்கள் என்று நம்பாமல் நானே சோதித்தும் பார்த்தேன். ஒரு நாள் வண்டியைக் கழுவி அப்படியே நிறுத்தினேன். மறுநாள் கரகரப்பு. அடுத்த வாரம் கழுவிய கையோடு நாலு தெரு ஓட்டி, பிரேக் பிடித்து, டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்தினேன். மறுநாள் சத்தமே இல்லை. அத்துடன் திருப்தியாகி, காலைச் சத்தம் என்றால் துரு என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான்.

இடையில் வேறு இரண்டு சத்தங்களும் வந்து போயின. ஒன்று, வண்டி நகரும் அந்த நொடியில் பின்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு அடி. மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்தியிருந்தேன். பின்சக்கரத்து டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ ஒட்டிக்கொண்டு, வண்டி இழுத்ததும் விடுபட்ட சத்தம் அது. இப்போதெல்லாம் சமதரையில் நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுகிறேன். சரிவில் இந்த வேலை கூடாது.

இன்னொன்று, கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், வேகம் 15, 20 வரும்போது முன்பக்கம் ஒரு குட்டி ‘உர்ர்’. பிரேக்கில் கால் வைத்திருந்தால் பெடல் லேசாக அதிரும். ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற சத்தம் அது. எல்லா வண்டியிலும் காதில் விழாது. அடையாளம் சுலபம்: ஸ்டார்ட் செய்ததற்கு ஒரு தடவைதான் வரும். இன்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டால் மறுபடி வரும். இதற்காக ஒரு பாதி நாளை வீணாக்கியிருக்கிறேன், நீங்கள் வீணாக்க வேண்டாம்.

இனி ஏமாந்த கதை. நாலாவது வருடம், 55,000 கிலோமீட்டர் வாக்கில். காலைச் சத்தம் வழக்கம்போல வந்தது, வழக்கம்போலப் போனது. போக எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. முன்பு நாலு பிரேக்கில் போனது, பிறகு பத்து பிரேக் ஆகியும் இழுத்தது. சத்தத்தின் குணமும் மாறியிருந்தது. கரகரப்பு போய், மெல்லிசாக ஒரு கீச்சல். காதுக்குக் கேட்டது, மூளை வாங்கிக்கொள்ளவில்லை. துருதான் என்று முடிவு கட்டியாயிற்றே!

நடுவில் வழக்கமான சர்வீசுக்கும் விட்டேன். சக்கரத்தைக் கழற்றாமல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பேட் இன்னும் பாதி இருக்கு சார், கவலையே படாதீங்க” என்றார்கள். பிரேக் ஆயில் குறைந்திருந்தது என்று ஊற்றி நிரப்பியும் கொடுத்தார்கள். அந்தக் குறைச்சலே ஒரு தடயம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பேட் தேயத் தேய, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும். அதன் பின்னால் உண்டாகிற இடத்தை ஆயில் நிரப்பும், அதனால் டப்பாவில் மட்டம் இறங்கும். ஒழுகல் இல்லாமல் மட்டம் இறங்கினால் முதலில் பேட்டைத்தான் பார்க்க வேண்டும். நிரப்பிவிட்டால் அந்தத் தடயமும் போய்விடுகிறது.

கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், பேச்சு குறைவு. பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சத்தம் பிரேக்க மிதிச்சா வருதா, விட்டா வருதா?”

நாலு வருடமாக இதை நான் கவனித்ததே இல்லை. “தெரியலண்ணே” என்றேன். “கண்ணாடிய இறக்கு, ரேடியோவ அணைச்சுடு. ஒரு மதில் ஓரமா மெதுவா ஓட்டிட்டு வா” என்று அனுப்பினார். சுவரில் பட்டுத் திரும்புவதால் சத்தம் பளிச்சென்று கேட்கும், எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். இடது முன்சக்கரம். சும்மா உருளும்போது கீச்சுகிறது, பிரேக்கில் கால் வைத்ததும் அடங்குகிறது. துருவாக இருந்தால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

சக்கரத்தைக் கழற்றி, பேட்டையும் பிஸ்டனையும் தாங்கியிருக்கும் காலிப்பரைத் தூக்கி, பேட் இரண்டையும் கையில் கொடுத்தார். வெளிப்பக்கப் பேட்டில் 6 மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்கப் பேட்டில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் ஓரத்தில் ஒரு சின்ன தகரக் கொக்கி, முனை மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. பேட் தேய்ந்து தீரும் நேரத்தில் டிஸ்க்கில் உரசிக் கத்த வேண்டும் என்றே வைத்திருக்கும் கொக்கி. இத்தனை நாள் கத்தியது அதுதான். என் வண்டியில் ஆரம்பத்தில் காலையில் மட்டும் உரசி, ஓடச் சூடானதும் அடங்கியது. அதனால்தான் துரு வேஷம் அதற்கு அவ்வளவு பொருந்தியது.

ஒரு பேட் மட்டும் ஏன் தேய்ந்தது? பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, பிஸ்டனில் துரு ஏறியிருந்தது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் சதுர விளிம்பு ரப்பர் வளையம், அழுத்தும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துவரும். துரு ஏறினால் அந்த மயிரிழைகூட நகராது. உள்பக்கப் பேட் நாள் முழுக்க டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட்தான். டார்ச் அடித்தவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் பார்த்தார்கள்.

பிஸ்டனும் ரப்பரும் மாற்றினோம். இடது, வலது இரண்டு முன்சக்கரத்துக்கும் பேட் புதிது, ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் போட்டால் அங்குள்ள ரப்பர் உப்பிவிடுமாம். டிஸ்க்கின் உள்முகத்தில் கோடு விழுந்திருந்தது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கு மேல் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே இரண்டு டிஸ்க்கையும் லேத்தில் கடைந்து முகத்தைச் சமமாக்கினார். கடைந்த பிறகு மறுபடி அளந்தார். அந்த இரண்டாவது அளவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

புதுப் பேட்டும் முதல் வாரம் கத்தியது, பயந்தே போனேன். காலி ரோட்டில் 60-லிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், ஆறவிட்டு ஆறவிட்டு எட்டுப் பத்து முறை செய்யச் சொன்னார். செய்தேன். பேட் டிஸ்க்கோடு பழகியதும் சத்தம் போய்விட்டது.

அதற்குப் பிறகு 2 வருடம். தினமும் காலையில் என்னையறியாமல் எண்ணுகிறேன், எத்தனை பிரேக்கில் சத்தம் போகிறது என்று. பனி நாளில் மூன்று, மழைக்குப் பிறகு ஐந்து, பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் இன்னும் கொஞ்சம். காரணமில்லாமல் கணக்கு ஏறினால் சக்கரத்தைக் கழற்றச் சொல்லிவிடுவேன். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் முன்சக்கரம் இரண்டின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது இன்னொரு பழக்கம். தொடக் கூடாது, டிஸ்க் சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே ஏதோ பிடித்திருக்கிறது. இரும்போடு இரும்பு அரைபடுகிற சத்தம், பெடல் உள்ளே இறங்குவது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, பிரேக்குக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிவது, இதில் எது வந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். வண்டியை ஓட்டிப் போகவும் மாட்டேன், வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோவேன்.

ஒரு சத்தம் இன்னும் பாக்கி. ஈரமான காலையில், சரிவில் நின்று, பிரேக்கை மெதுவாக விட்டால் கதவுக் கீல் போல ஒரு முனகல். பேட் டிஸ்க்கைப் பிடித்தும் விட்டும், பிடித்தும் விட்டும் நகர்வதால் வருவது. பேட், பிஸ்டன், பின் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. பிரேக்கைச் சட்டென்று விட்டால் முனகுவதில்லை. “அது கெடக்கட்டும்” என்றார் மெக்கானிக். அப்படியே கிடக்கிறது.