மலைச்சைக்கிள் ஃபிரேமின் உழைப்பும் வாரண்டி சேவையும்: ஒரு மதிப்புரை

நடுத்தர விலையில் கிடைக்கும் அலுமினிய ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள) மலைச்சைக்கிள் ஒன்றைக் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மண்பாதைகளில் சில ஆண்டுகள் ஓட்டிய அனுபவத்தையும், அதன் ஃபிரேமில் விரிசல் விழுந்த பிறகு வாரண்டியின் பேரில் நடந்தவற்றையும் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரித்த பன்னாட்டு நிறுவனத்தின் பெயரையும், விற்ற கோயம்புத்தூர்க் கடையின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஃபிரேமின் கதையைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் தரத்தை எடைபோடுவது நியாயமாகாது. ஆனால் அந்த ஒரு கதையே வாரண்டி என்ற ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதைப் போதுமான அளவுக்குக் காட்டிவிடுகிறது.

முதலில் ஃபிரேம். ஓட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஏற்றத்தில் மிதிக்கும் விசை வீணாகாமல் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இறக்கத்தில் கற்கள் மேல் ஏறி இறங்கும்போது ஃபிரேமின் முன்முனையான ஹெட் டியூப் பகுதி உறுதியாக நின்றது. விரிசல் வந்தது, பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயான செயின் ஸ்டே, மிதியச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டோடு பற்றவைக்கப்பட்ட இடத்தில். மிதிக்கும்போதெல்லாம் கிளிக் என்று ஓர் ஒலி வந்தது. பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மாட்டிய பிறகும் அது போகவில்லை. சேற்றைக் கழுவித் துணியால் துடைத்துப் பார்த்தபோது வெல்டிங் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கருங்கோடு தெரிந்தது. பெயிண்டில் மட்டும் வெடிப்பு என்றால் நகத்தால் சுரண்டினால் அடியில் பளபளப்பான உலோகம் முழுதாகத் தெரியும். இங்கே கோடு உலோகத்துக்குள்ளும் தொடர்ந்தது.

இது ஏன் நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாரண்டி பற்றிய வாக்குவாதங்கள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. எஃகுக்குச் சோர்வு எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குக் கீழான விசை எத்தனை முறை வந்து போனாலும் அது கிட்டத்தட்ட முடிவின்றித் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கம்பியை இரு பக்கமும் மாறி மாறி வளைத்தால் ஒடிவதுபோல, சிறிய விசையும் போதுமான முறை திரும்பத் திரும்ப வந்தால் அலுமினியத்தில் என்றாவது விரிசல் தொடங்கும். அந்த நாளைச் சைக்கிளின் பயன்பாட்டுக் காலத்துக்கு அப்பால் தள்ளி வைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அதே அளவுதான். ஆகவே குழாயின் விட்டத்தைப் பெருக்கித்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள். சைக்கிள் வடிவமைப்பாளர் கேரி கிளைன் 1970களில் அமெரிக்காவில் தடித்த குழாய்களைக் கொண்டு ஃபிரேம் கட்டியதும், 1983இல் கேனன்டேல் நிறுவனம் அதே வழியில் சைக்கிள் சந்தைக்குள் நுழைந்ததும் இந்தக் கணக்கின் அடிப்படையில்தான்.

வெல்டிங் இன்னொரு சிக்கல். பெரும்பாலான ஃபிரேம்களில் பயன்படும் 6061 வகை அலுமினிய அலாயை (கலப்பு உலோகத்தை) பற்றவைத்தால், வெப்பம் பட்ட பகுதி தன் வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும். அதை மீட்க முழு ஃபிரேமையும் ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 6061க்குப் பின்னால் எழுதப்படும் டி6 என்பது இந்தப் பதப்படுத்தலைத்தான் குறிக்கிறது. 7005 வகைக்கு முதற்கட்டச் சூடேற்றம் தேவைப்படுவதில்லை. விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை ஊரிலுள்ள லேத் பட்டறையில் கொடுத்து டிக் வெல்டிங் போட்டு ஓட்டலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். பற்றவைக்க முடியும், பதப்படுத்த முடியாது. அப்படிச் சரிசெய்த ஃபிரேம் பெரும்பாலும் பழைய விரிசலின் பக்கத்திலேயே மறுபடி ஒடியும், அதுவும் இறக்கத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குரோமோலி எஃகு ஃபிரேம் என்றால் நிலைமை வேறு. கைதேர்ந்த பற்றவைப்பாளர் அதைச் சீர்செய்துவிடலாம். கார்பன் ஃபிரேமைத் திரும்பத் திரும்ப வரும் விசை எளிதில் அசைப்பதில்லை, ஆனால் கூரிய கல்லில் அடிபட்டால் மேலே தழும்பு இல்லாமலே உள்ளடுக்குகள் பிரிந்துவிடக்கூடும்; அதைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பம் உண்டு, அதற்கான ஆட்கள் எல்லா ஊரிலும் இல்லை.

ஃபிரேம்களைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 4210 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அதன்படி மலைச்சைக்கிள் ஃபிரேம் 1200 நியூட்டன் மிதிவிசையை 1,00,000 சுற்றுகளும், முன்னச்சில் முன்னும் பின்னுமாக வரும் விசையை 50,000 சுற்றுகளும் விரிசலின்றித் தாங்க வேண்டும். இது பாதுகாப்புக்கான குறைந்தபட்சம். ஃபிரேம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கான உறுதிமொழி அன்று. வாங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ளது ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் பயன்பாட்டு வகைப்பாடு. மூன்றாம் வகைச் சைக்கிள் ஏறத்தாழ 61 செ.மீ. வரையிலான குதிப்புக்கு, நான்காம் வகை 122 செ.மீ. வரைக்கு, ஐந்தாம் வகை அதற்கும் மேலான தாவல்களுக்கும் மிகு வேகத்துக்கும். பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த எண்ணைப் பயனர் கையேட்டிலோ ஃபிரேமின் மேல் ஒட்டிய சிட்டையிலோ தருகின்றன. கடைக்காரர் இதைப் பற்றிப் பேசமாட்டார், வாங்குபவரும் கேட்பதில்லை. ஆனால் வாரண்டி கோரும்போது நிறுவனம் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். மூன்றாம் வகை ஃபிரேமைத் தாவல் மேடையில் பயன்படுத்தியிருந்தால் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும்.

இனி வாரண்டி சேவை. நிறுவனம் கேட்டவை: முதல் உரிமையாளர் பெயரிலான அசல் பில், பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் பொறித்த வரிசை எண்ணின் படம், விரிசலின் அருகுப்படம், முழுச் சைக்கிளின் படம். முழுச் சைக்கிளின் படத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. ஃபிரேம் அனுமதித்ததைவிட நீளமான முன்போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) மாட்டியிருக்கிறதா, முன்சக்கரம் நெளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காம். போர்க் நீண்டால் ஹெட் டியூப்பின் மேல் நெம்புவிசை கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை நியாயமானதுதான். கடைக்காரர் நன்றாகவே ஒத்துழைத்தார். மின்னஞ்சல்களை அவரே அனுப்பினார், பதில் வராதபோது நினைவூட்டவும் செய்தார். சில வாரங்களில் உற்பத்திக் குறை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தக் கட்டம் வரை சேவைக்கு நல்ல மதிப்பெண்ணே தருவேன்.

சிக்கல் அதன் பிறகுதான். அந்த மாடலின் பழைய ஃபிரேம் கையிருப்பில் இல்லை என்று புதிய தலைமுறை ஃபிரேம் ஒன்றை அனுப்பினார்கள். பழையதில் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 135 மி.மீ. அகலமான குவிக் ரிலீஸ் வகை, புதியதில் 148 மி.மீ. அகலமான பூஸ்ட் அச்சு வகை. பழைய பின்சக்கரம் பொருந்தவில்லை. இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டின் விட்டமும் வேறு. ஹெட் டியூப் கீழே அகன்றது என்பதால் பழைய போர்க்கை மாட்ட அடாப்டர் ஹெட்செட் (போர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) தேவைப்பட்டது. இவை எதையும் வாரண்டி ஏற்கவில்லை. கழற்றி மாட்டும் கூலியும் என் செலவு. நிபந்தனைகளைப் படித்தால் அவர்கள் செய்தது முழுக்கச் சரி. “ஃபிரேமைப் பழுதுபார்ப்போம் அல்லது அதே மாதிரியோ அதற்கு இணையானதோ மாற்றித் தருவோம்” என்ற அளவோடு பெரும்பாலான வாரண்டிகள் நின்றுவிடுகின்றன. இலவசமாக வந்த ஃபிரேமை ஓடும் சைக்கிளாக மாற்ற ஆன செலவில் சந்தையில் ஒரு சாதாரண கியர் சைக்கிளையே வாங்கியிருக்கலாம். நிறுவனம் குறைந்தபட்சம் பொருந்தும் சக்கரத்துக்காவது தள்ளுபடி தந்திருக்கலாம் என்பதே என் குறை.

பிராண்டுகளின் வாரண்டித் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் சுவையானவை. சான்டா குரூஸ் முதல் உரிமையாளருக்கு ஃபிரேமின் மேல் ஆயுட்கால வாரண்டி தருவதோடு, முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள முழுச் சஸ்பென்ஷன் ஃபிரேம்களின் அசையும் மூட்டுகளிலுள்ள பிவட் பேரிங்குகளையும் இலவசமாக மாற்றித் தருகிறது; உண்மையில் தேய்ந்துபோவது ஃபிரேமைவிடப் பேரிங்கே என்பதால் இந்தச் சலுகையை நான் உயர்வாக மதிக்கிறேன். தைவானின் ஜெயண்ட் முதல் உரிமையாளருக்கு ஆயுட்காலம் என்று சொல்லிவிட்டு, டவுன்ஹில், ஃப்ரீரைடு போன்ற முரட்டுப் பயன்பாட்டுக்கு மூன்று ஆண்டு என்று வரம்பிடுகிறது. ஜெர்மனியின் கேன்யன் ஆயுட்காலம் என்ற பேச்சுக்கே போகாமல் ஆறு ஆண்டு என்கிறது. டெகத்லான் தன் ராக்ரைடர் வரிசையின் ஃபிரேமுக்கு ஆயுட்கால வாரண்டி தருகிறது. விலையைக் கணக்கில் கொண்டால் இது பெரிய விஷயம், கடைகள் பல ஊர்களில் நேரடியாக இருப்பதால் அஞ்சலில் அனுப்பும் தொல்லையும் குறைவு. ஆறு ஆண்டு என்று வெளிப்படையாகச் சொல்பவரை ஆயுள் முழுக்க என்பவரைவிடக் குறைவாக மதிக்கக் காரணமில்லை. தாளில் எழுதியிருக்கும் ஆயுட்காலம் பல சமயம் ஃபிரேமின் இயல்பான பயன்பாட்டுக் காலத்தையே குறிக்கிறது. சோர்வினால் வந்த முறிவு இயல்பான தேய்மானம் என்று நிறுவனம் வாதிட அந்த வரி இடம் தருகிறது.

நிறுவனமே நிலைக்குமா என்பது தனிக் கேள்வி. பெருந்தொற்றுக் காலத் தேவை அடங்கிச் சரக்கு தேங்கியதில் பெயர்பெற்ற மலைச்சைக்கிள் நிறுவனங்களே தள்ளாடின. இங்கிலாந்தின் ஆரஞ்ச் 2024 ஜனவரியில் நொடிப்புச் சட்டப்படி நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கட்டுப்பாட்டுக்குள் போனது. கோனாவை அதன் தாய் நிறுவனம் விற்பனைக்கு வைத்து, அதே ஆண்டில் நிறுவியவர்களே திரும்ப வாங்கினார்கள். கனடாவின் ராக்கி மவுன்டன் 2024 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. ஜெர்மனியின் ஒய்டி 2025இல் நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்றது. இத்தகைய வேளைகளில் வாரண்டி வைத்திருப்பவர் கடன்காரர்களின் வரிசையில் கடைசியில் நிற்பார். இவற்றுள் சில மீண்டுவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பின்சேவையை முன்னிட்டு அதிக விலை கொடுப்பவர் நிறுவனத்தின் நிதிநிலைச் செய்திகளையும் ஒருமுறை தேடிப் படிப்பது நல்லது.

பிராண்டின் பெயருக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் நேரானது அன்று. ஜெயண்டும் மெரிடாவும் தங்கள் பெயரில் விற்பதோடு பிற பிராண்டுகளுக்கும் நெடுங்காலமாக உற்பத்தி செய்துவருகின்றன. ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தில் மெரிடாவுக்குக் கணிசமான பங்கும் உண்டு. ஆகவே எந்த நாட்டுப் பிராண்டு என்று கேட்பதைவிட, ஹேங்கர் போன்ற சிறு பாகம் பத்து ஆண்டு கழித்தும் கிடைக்குமா என்று கேட்பது அறிவுடைமை. பின்பக்கக் கியர் மாற்றியான டிரெய்லியரைத் தாங்கும் அந்தச் சின்னத் துண்டு ஒரு கல் பட்டாலே வளைந்துவிடும்; மாடலுக்கொரு வடிவம் என்றிருந்ததால் நல்ல ஃபிரேம்கள்கூட அது கிடைக்காமல் மூலையில் கிடந்ததுண்டு. கியர் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த யுடிஎச் என்ற பொது ஹேங்கரைப் பல பிராண்டுகள் ஏற்றுக்கொண்டிருப்பதால், அது உள்ள ஃபிரேமுக்கு நான் முன்னுரிமை தருவேன்.

இந்தியாவில் வாங்குபவர் செய்ய வேண்டியவை எளியவை: வாங்கும் நாளில் நிறுவனத்தின் தளத்திலுள்ள வாரண்டி நிபந்தனையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது, ஏனெனில் அது சொல்லாமல் மாறும், பில்லில் ஃபிரேம் எண்ணை எழுதச் சொல்வது, பதிவு கேட்டால் தாமதிக்காமல் பதிவது. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, பெரும்பாலான சைக்கிள்கள் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கும். பழைய சைக்கிளை வாங்குவோருக்கு இவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. வாரண்டி பொதுவாக முதல் உரிமையாளரோடு நின்றுவிடும், இரண்டாம் கையினருக்குச் சலுகை தருபவர்களும் குறுகிய காலத்துக்கே தருகிறார்கள். எனவே விற்பவர் “லைஃப்டைம் வாரண்டி இருக்கிறது” என்று சொல்லி விலையை ஏற்றினால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசலாம், அதற்கு முன் ஹெட் டியூப் அடியையும், சீட் டியூப் மேல்நுனியையும், செயின் ஸ்டே வெல்டிங்கையும் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.