பைனஸ் விதைப் பொதி: வாங்கலாமா?
திருகோணமலை நகரிலுள்ள நாற்றுக் கடையொன்றில் 20 விதைகள் கொண்ட பைனஸ் பொதியொன்றை வாங்கினேன். மலையகத்தில் பெருமளவில் நடப்பட்டுள்ள கரிபியன் பைனஸ் இனமே உள்ளே இருந்தது. வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட இவ்வினத்தின் விதைகளை, குளிர்நாட்டுப் பைனஸ்களின் விதைகளைப் போல முளைக்கவைப்பதற்காக வாரக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கத் தேவையில்லை என்பதால், எங்கள் ஊரான உப்புவெளியின் வெயிலுக்கு இதுவே பொருத்தம். பொதியிலோ குளிரூட்டச் சொல்லும் பொதுக் குறிப்பே அச்சிடப்பட்டிருந்தது. விதை சேகரித்த திகதியும் இல்லை.

ஓரிரவு ஊறவைத்ததில் 7 விதைகள் மிதந்தன; மிதப்பவை பெரும்பாலும் பதராக இருக்கும் என்பதால் ஒதுக்கிவிட்டேன். எஞ்சியவற்றை ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்த தட்டில் மேலாக ஊன்றினேன். (கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.) 12ஆம் நாள் முதல் நாற்று, விதையோட்டைத் தொப்பிபோலத் தலையில் சுமந்தபடி நிமிர்ந்தது, ஓடு கழன்று விழுந்ததும் மெல்லிய பச்சை ஊசிகள் குடைக்கம்பிகளைப் போல விரிந்தன. முளைத்த 9இல் இரண்டு, அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. அளவுக்கு மீறி நீரூற்றிய தவறு என்னுடையது.

மிதந்த விதைகளைப் பற்றிக் கேட்டபோது கடையில் பதிலேதும் கிடைக்கவில்லை. ஆயினும், பழைய பைனஸ் மரத்தடி மண்ணில் வேருக்குத் துணைநிற்கும் பூஞ்சை இருப்பதால் அதில் ஒரு பிடியைச் சாடியில் கலக்குமாறு அங்கிருந்த முதியவர் சொன்ன ஆலோசனை, பொதியைவிடப் பெறுமதியானது.