மூப்பர் அட்டை வளைந்தால் ரகசியம் போச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாடகைக்குக் கிடைக்கும் இந்தப் பலகை விளையாட்டின் களம் மூன்றாம் சிலுவைப்போர், 1191, ஆக்ரே துறைமுகம். முஸ்லிம் தரப்பில் கற்பனையான ரகசியச் சங்கம் ஒன்று. 8 பேரில் ஒருவர் தலைவர், 2 பேர் ஒற்றர். 5 சுற்றுக்குள் தலைவர் யாரென்று ஒற்றர்கள் கண்டுபிடித்துவிட்டால் சங்கம் காலி.

தலைவரின் பட்டம்தான் இதில் அழகு. ஆங்கில அட்டையில் 'கிராண்ட் மாஸ்டர்'. அது டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி-வீரர்களுடையது, அதாவது எதிர்முகாமின் பட்டம்! கூடவே வரும் தமிழ்த் தாளில் 'மூப்பர்' என்று போட்டிருக்கிறார்கள். 'ஷேக்' என்ற அரபுச் சொல்லுக்கும் முதியவர் என்பதே மூலப்பொருள். சிரியா மலைக்கோட்டைகளில் இருந்த நிஸாரிகள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினரின் தலைவரைச் சிலுவைப்படையினர் 'மலைக்கிழவர்' என்றதும் இந்த வழியில்தான்.

குறை அட்டையில். மூப்பருக்கு மட்டும் தங்கத்தாள் ஒட்டியிருக்கிறது. டர்பன் கோடை ஈரத்தில் காகிதம் உப்பும், தங்கத்தாள் உப்பாது. அட்டை வில்லாக வளையும். கவிழ்த்து வைத்தாலும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அப்புறம் ஒற்றருக்கு என்ன வேலை? 63×88 மி.மீ. அட்டைக்கான, பின்பக்கம் கறுப்பான உறைகளை எல்லா அட்டைக்கும் போடணும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் அந்த உறையே காட்டிக்கொடுக்கும். ஆள் 6க்குக் குறைந்தால் ஒற்றர் ஒருவர் போதும். விதித்தாளில் இது இல்லை.