குழந்தைகள் ஐசியூ: ஒரு அம்மாவின் மதிப்பீடு, 5க்கு 3

என் 8 வயது மகள் கடுமையான நிமோனியாவில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ராத்திரி 3 மணிக்குக் கேட்டாலும் டாக்டர் நின்று பதில் சொன்னார், நர்ஸ்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எதையும் செய்தார்கள், பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்தாள். அதற்கு முழு மதிப்பெண்.

நான் சொல்ல வந்தது தூங்க வைக்கும் மருந்தைப் பற்றி. மிடாசோலமும் ஃபென்டனிலும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தன. தொண்டையில் குழாயோடு கிடக்கிற பிள்ளை பயந்து அதைப் பிடுங்கிவிடக் கூடாதே, மருந்து தேவைதான். "அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது" என்றார்கள், நம்பினேன். மருந்தைக் குறைக்க ஆரம்பித்ததும் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சுவரெல்லாம் எறும்பு என்று அலறினாள், என்னையே யாரோ போலப் பார்த்தாள். "சரியாயிடும்" என்பதோடு பேச்சு முடிந்தது. பல நாள் ஓடிய மருந்து குறையும்போது உடம்பு அதைக் கேட்டுத் தவிக்கும் என்பதும், டெலிரியம் என்கிற குழப்பநிலை ஐசியூ பிள்ளைகளுக்கு வரும் என்பதும், இரண்டையும் படுக்கையருகிலேயே மதிப்பெண் போட்டுக் கண்டுபிடிக்க அளவுகோல் இருக்கிறது என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து 6 வாரம் ஆகியும் தனியாகப் படுக்கவில்லை. மைக்ரோவேவ் பீப் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடிவிடுவாள். பொம்மையின் கைகளைத் துணியால் கட்டிக் கட்டி விளையாடினாள். ஒரு ராத்திரி கேட்டாள்: "நர்ஸ் என்னைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்த்தப்ப நீ ஏம்மா கதவுகிட்ட நின்னு சிரிச்சே?" சாப்பிடப் போன நேரம் தவிர நான் அவள் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி 4 பக்கம். நுரையீரல் பற்றி எல்லாம் இருந்தது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாங்களாகத் தேடிப் போன குழந்தை மனநல நிபுணர்தான் இதற்குப் பெயர் சொன்னார், பிடிஎஸ்டி என்று, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனசில் தங்கிவிடும் பாதிப்பு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஐசியூவிலிருந்து திரும்பிய 102 பிள்ளைகளிடம் 3 மாதம் கழித்துப் பேசியிருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நடக்காதது நடந்ததாக நினைவு இருந்திருக்கிறது, அவர்களிடம்தான் அதிர்ச்சியின் பாதிப்பும் அதிகம். என் மகளுக்கு ஏற்றிய இந்தத் தூங்க வைக்கும் வகை மருந்துகள் அதிக நாள் ஓடியவர்களிடம் அப்படிப்பட்ட நினைவுகள் கூடுதலாம். பிள்ளை பொய் சொல்லவில்லை, அவளைப் பொறுத்தவரை அது நடந்தது.

நல்லவேளை, அவள் அப்பா தினமும் ஒரு நோட்டில் என்ன நடந்தது என்று எழுதி வைத்திருந்தார். நிபுணர் அதை வைத்துத்தான் அவளோடு உட்கார்ந்தார்: எந்த நாள் குழாய் போட்டார்கள், கையை ஏன் மெத்தென்ற பட்டையால் கட்டினார்கள், அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நாங்கள் கேட்டதும் அதே ஐசியூவில் ஒரு பகல் நேரம் அவளை உள்ளே விட்டார்கள். மூத்த நர்ஸ் ஒருவர் அலாரத்தை அடிக்கவிட்டு, நிறுத்தும் பட்டனை அவளையே அழுத்த வைத்தார். நாலு தடவை அழுத்தினாள். அன்று ராத்திரியும் என் பக்கத்தில்தான் படுத்தாள், ஆனால் விளக்கை அணைக்கச் சொன்னாள்.

இந்த மனசு இருக்கிறவர்கள் முதல் நாளே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கலாம், ஒரு மாதம் கழித்து ஒரு போன் செய்திருக்கலாம். குறைத்த 2 மதிப்பெண் அதற்குத்தான். பிள்ளையை இங்கே சேர்க்கத் தயங்க வேண்டாம், போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.