34 மி.மீ. த்ராட்டில் பாடியோடு ஒன்றரை வருடம்

"150 சிசி வண்டிக்கு 34 போடலாமாடா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் தட்டு ஒன்றால் திறந்து மூடும் குழாய்தான் த்ராட்டில் பாடி; 34 என்பது அதன் உள்விட்டம், மி.மீ.யில். அதை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரில் விரிசல் விட்டு, ஐடிலிங் ஏறி இறங்கி, அன்றைக்குத்தான் 34 போட்ட என் வண்டியைப் பிரித்து மாட்டியிருந்தேன். அந்தச் சூட்டில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதில்தானா என்று அப்புறம் யோசித்ததில் வந்தது இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய 28-ல் 7500 ஆர்.பி.எம். தாண்டினால் மூச்சு முட்டும். 34-ல் அந்த இடத்தில்தான் வண்டி விழித்துக்கொள்கிறது. காலியான நேர்சாலையில் அந்த இழுப்பு, அந்தச் சத்தம், இரண்டும் இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் ஒருநாளில் எத்தனை நிமிடம் 7500-ல் ஓட்டுகிறேன்? மீதி நேரமெல்லாம் படுத்துவது ஆக்சிலரேட்டரின் முதல் கால்பங்கு முறுக்குதான். இரண்டாவது கியரில் வேகத்தடை ஏறி இறங்கும்போது மணிக்கட்டு துளி அசைந்தாலும் போதும், செயின் சடக்கென்று இழுக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடிக்கும். ஒன்றரை வருடமாக இந்த டொக்.

காரணம் எளிமையானது. விட்டம் 6 மி.மீ. கூடினால் பரப்பு 616 சதுர மி.மீ.யிலிருந்து 908-க்குப் போகிறது, கிட்டத்தட்ட 47 சதவீதம் அதிகம். தட்டு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது, அதே கோணத்துக்கும் காற்று ஏறத்தாழ அந்த அளவுக்குக் கூடுதலாக நுழைகிறது. என் வண்டியின் ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) திறப்புக் கோணத்தை வைத்துப் பெட்ரோல் அளப்பது என்பதால் காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்துபோய், எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற அதன் அட்டவணையான மேப்பையே புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஜெர்க் முழுசாகப் போகவில்லை. கேபிள் சுற்றும் புல்லியைப் பெரிதாக மாற்றி, ஆரம்பத் திறப்பை மெதுவாக்கிய பிறகுதான் பாதி குறைந்தது. 4000 ஆர்.பி.எம்.மில் இன்னொரு வேதனை: பாதி முறுக்குவதற்குள் எஞ்சினுக்கு வேண்டிய காற்று வந்துவிடுகிறது, அதற்கு மேல் முறுக்கினால் சத்தம் மட்டும்தான் கூடும்.

நான் பெரிய அளவுக்குப் போனதற்கு ஒரு கணக்கும் உண்டு. 9000-ல் 150 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4500 முறை காற்றை இழுக்கிறது, அதிகபட்சம் 675 லிட்டர். ஒற்றை சிலிண்டர் என்பதால் நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் மூச்சு இழுக்கும், மொத்தக் காற்றும் அந்தக் கால்பங்கு நேரத்தில் நுழைய வேண்டும். சராசரியைப் பார்த்து அளவு எடுத்தால் சிறிதாகிவிடும் என்பது சரிதான். அதற்காக ஒரேயடியாக 34-க்குத் தாவியதுதான் என் தவறு. ரப்பரைக் கழற்றியபோது, ஹெட்டுக்குள் காற்று நுழையும் வழியான போர்ட்டில் விரலை விட்டுத் தடவினேன், படி மாதிரி ஒரு விளிம்பு இடறியது. ஹெட்டும் வால்வும் பழைய அளவிலேயே இருக்க, வாசலை மட்டும் அகலப்படுத்தியிருக்கிறேன்.

நண்பனுக்கு இப்போது நிதானமாகச் சொல்வது: வால்வைத் திறக்கும் கேம், போர்ட் இரண்டையும் மாற்றினால் 32 பார். ஒன்றும் மாற்றவில்லை என்றால் 28 போதும், ஆசை விடாவிட்டால் 30, அதோடு நிறுத்து.

என்னுடையதை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன். மேப்பைப் பழையதற்கு மாற்ற வேண்டும், த்ராட்டில் சென்சாரின் பூஜ்ஜியத்தைத் திரும்ப வைக்க வேண்டும். அந்த 7500 இழுப்பை விட மனசு வராது, தெரியும். இருந்தாலும் கழற்றத்தான் போகிறேன்.