இரவு பேக்கப்பில் வரும் எச்சரிக்கைகள்: சில வருட அனுபவம்

என் லினக்ஸ் சர்வர் தினமும் நள்ளிரவுக்கு மேல் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரல் மூலம் இன்னொரு டிஸ்குக்கு பேக்கப் எடுக்கிறது. சில வருடங்களாக இதே ஏற்பாடுதான். பேக்கப் அடியோடு நின்றுபோவது அபூர்வம். காலையில் மெயிலில் கிடக்கும் எச்சரிக்கைகள்தான் வேலை வைக்கும்.

ஆர்சிங்க் முடியும்போது ஏதாவது கோளாறு இருந்தால் ஒரு குறியீட்டு எண் தரும். அடிக்கடி வருவது 24. கோப்புப் பட்டியலில் இருந்த ஒன்று, நகலெடுக்கப் போவதற்குள் அழிந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பிரவுசர் கேஷ், தற்காலிகக் கோப்புகள், அவ்வளவுதான். 24 வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேஷ் ஃபோல்டர்களையே பேக்கப்பிலிருந்து விலக்கிவிட்டேன். இப்போது 24 வந்தால், எந்தக் கோப்பு காணாமல் போனது என்று உட்கார்ந்து பார்க்கிறேன்.

23 அப்படியல்ல. சில கோப்புகள் நகலாகவே இல்லை. அனுமதிப் பிரச்சினை என்றால் சரிசெய்துவிடலாம். ஆனால் லாகில் 'இன்புட் அவுட்புட் எரர்' இருந்தால் முதலில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள், டிஸ்கே போய்க்கொண்டிருக்கலாம். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: மூலத்தைப் படிப்பதில் இப்படிப் பிழை வந்தால், மூலத்தில் இப்போது இல்லாத பழைய கோப்புகளை பேக்கப் பக்கம் அழிப்பதை ஆர்சிங்க் தானாகவே நிறுத்திவிடும். அருமையான பாதுகாப்பு. ஆனால் எச்சரிக்கையை அப்படியே விட்டால் அழிய வேண்டியவை சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் இடம் போதாமல் பேக்கப்பே நின்றுவிடும்.

கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டார் நிரலைப் பயன்படுத்துவோருக்கு, 'படிக்கும்போதே கோப்பு மாறிவிட்டது' என்ற செய்தி பழக்கமாயிருக்கும். லாக் கோப்பு என்றால் பரவாயில்லை. டேட்டாபேஸ் கோப்பு என்றால் அந்த நகலை நம்பவே கூடாது; பாதி பழையது, பாதி புதியது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை நேரடியாக எடுக்காமல், முதலில் டம்ப் (தரவைத் தனிக் கோப்பாக எழுதி வைப்பது) எடுத்து அதை பேக்கப்பில் சேர்ப்பதே சரி. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இன்னோடிபி வகை டேபிள்கள் என்றால் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' ஆப்ஷனோடு எடுக்க வேண்டும். மற்ற கோப்புகளுக்கு லினக்ஸின் எல்விஎம் அல்லது பிடிஆர்எஃப்எஸ் வசதியால் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் கோப்புகள் இருந்த நிலையின் மாறாத பிரதி) எடுத்து அதிலிருந்து நகலெடுத்தால் இந்தச் செய்தியே வராது.

அப்புறம், எச்சரிக்கையே வராத இரவுகள். கணினி அணைந்திருந்தால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் ஓடாது, மெயிலும் வராது. அதனால் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமருக்கு மாறி, 'பெர்சிஸ்டன்ட்' அமைப்பைப் போட்டிருக்கிறேன்; தவறிய வேலை கணினி திரும்ப வந்ததும் ஓடும். வெற்றியானாலும் ஒரு வரி மெயில் வருகிறது. அது வராத காலையில்தான் நான் முதலில் சர்வரைத் திறக்கிறேன்.